வாய்க்கட்டு

காலை ஒன்பது மணிச் சுறாவைத் தடவிக்கொடுக்க மதில்தீவின் படகுத்துறையில் இருபத்திரண்டு பேர் வரிசையாக நின்றார்கள். பத்தரை மணிச் சுறாவுக்கு வேறு வரிசை. பன்னிரண்டு மணிச் சுறா குழந்தைகளுக்கு மட்டும். வராவிட்டால் என்ன செய்வது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஏழு ஆண்டுகளில் அது ஒருநாளும் வராமல் இருந்ததில்லை. சுறாவின் தோல் சொரசொரப்பானது, நெடுநேரம் தடவினால் உள்ளங்கை சிவக்கும், களிம்பு பூசிக்கொள்ளவும் என்று பலகையில் எழுதியிருந்தது. தீவு முழுக்கத் தேடினாலும் சுறாவைப் பற்றிய எச்சரிக்கை அது ஒன்றுதான்.

அந்த வரிசைக்கு நேர் எதிரே, எல்லார் கண்ணிலும் படும்படியாக, தலைமை வழிகாட்டி செலஸ்தீனா ஒரு செத்த சுறாவை மல்லாத்திப் போட்டு வயிற்றைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

நாற்பத்து நான்கு வயது. தூத்துக்குடிக்காரி. புட்டு வைக்கச் சுறா அறுத்துப் பழகிய கை. கத்தி எங்கே போகவேண்டும் என்று அதற்குத் தெரியும். பதினெட்டு ஆண்டுகளாக இந்தத் தீவில் ஆட்களைக் கடலுக்குள் கூட்டிப்போய்க் கூட்டி வருகிறாள். போனவர்கள் போனபடியே திரும்பியிருக்கிறார்கள். அன்று காலை, மதில் என்று இவர்கள் அழைக்கும் கடலடிப் பாறைச் சுவரின் மேல்விளிம்பில் இந்தச் சுறா கிடப்பதைப் பார்த்து அவளேதான் கயிறு கட்டி இழுத்து வந்திருந்தாள். அப்போது ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை.

“வாங்க, வாங்க. தடவத்தான வந்திருக்கீங்க? இதையும் தடவிட்டுப் போங்க. இது ஒன்னுஞ் செய்யாது. இனிமே எதுவுமே செய்யாது.”

வரிசையில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சிலர் இதுவும் நிகழ்ச்சியில் சேர்த்தி என்று நினைத்துப் படம் எடுத்தார்கள். ஒருவர் கைகூடத் தட்டினார்.

டாக்டர் மங்கையர்க்கரசி அலுவலகத்திலிருந்து வேகமாக நடந்து வந்தார். இணக்கப்புலத்தைக் கண்டுபிடித்தவர் அவர்தான். தீவை நடத்தும் நீலவாசல் நிறுவனத்துக்கு இங்கே தலைவரும் அவர்தான்.

“செலஸ்தீனா, விருந்தாளிங்க முன்னாடி என்ன இது?”

“ஈரலப் பாருங்க டாக்டரம்மா.”

“கத்தியக் கீழ வைங்க.”

“ஈரலப் பாருங்கன்னு சொல்லுதேன்.”

சுறாவின் உடம்பில் ஆகப் பெரிய உறுப்பு ஈரல்தான். தின்ற கொழுப்பையெல்லாம் அங்கேதான் சேர்த்து வைக்கும். இந்த அளவு சுறாவில் அது இரண்டு கை கொள்ளாமல் வழியவேண்டும். இதில் ஒரு பழைய செருப்பு அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. இரைப்பையில் ஒரு முள்கூட இல்லை.

“ஏதோ தொற்று. முன்னாடி செத்ததுங்களோட மாதிரிய ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கோம். முடிவு வரட்டும்” என்றார் டாக்டர்.

“பட்டினிக்கு என்ன தொற்று? பட்டினின்னு சொல்ல உங்களுக்கு ஒரு ஆய்வகம் வேணுமா?”

டாக்டர் அவள் முழங்கையைப் பிடித்துப் படகுக் கொட்டகையின் நிழலுக்கு இழுத்துப் போனார். வரிசையில் நின்றவர்கள் சுறாவைச் சுற்றிக் கூடினார்கள்.

டாக்டரின் கண்டுபிடிப்பு எளிமையானது. அதனால்தான் சுறா இருக்கும் கடலெல்லாம் அதை வாங்கிப் பொருத்தினார்கள். சுறாவின் மூக்கிலும் திருக்கையின் முகத்திலும் நூற்றுக்கணக்கில் நுண்துளைகள் உண்டு. அவற்றின் உள்ளே கூழ். ஒரு மீன் உடம்பை அசைத்தால் எழும் துளியூண்டு மின்சாரத்தைக்கூட அந்தக் கூழ் உணர்ந்துவிடும். கலங்கிய நீரிலும் மணலுக்கடியிலும் இரை எங்கே என்று சுறாவுக்குச் சொல்வது அதுதான். மதிலில் நாற்பது அடிக்கு ஒன்றாகத் திருகிப் பொருத்திய புலவீசிகள் அந்தக் கூழோடு பேசின. தொலைவில் இருக்கும் சுறாவிடம், இங்கே அடிபட்ட மீன் துடிக்கிறது, வா என்றன. கிட்டே வந்ததும் வேறொரு துடிப்பால் தாடையை இறுக்கின. மூச்சுக்குத் தண்ணீர் போக ஒரு விரற்கடை விட்டு, அதற்கு மேல் திறக்காதே என்றன. பந்திக்குக் கூப்பிட்டு வாயைக் கட்டுகிற காரியம். விளம்பரத்தில் இதற்குப் பெயர் இணக்கம். வழிகாட்டிகள் தங்களுக்குள் வாய்க்கட்டு என்றார்கள்.

அந்தப் பெயரும் நிறுவனத்தின் மாலை நாடகத்திலிருந்து எடுத்ததுதான். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் கடல்கட்டி என்று ஒருவன் இருந்தானாம். ஆட்கள் மூழ்குவதற்கு முன் கரையில் நின்று மந்திரம் சொல்லிச் சுறாக்களின் வாயைக் கட்டுவானாம். அந்த மந்திரத்தை இன்று அறிவியல் மெய்யாக்கிவிட்டது என்று நாடகம் முடியும். விளக்கு அணையும். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டுவார்கள்.

“ஒன்னே ஒன்னுதான் கேக்கேன்” என்றாள் செலஸ்தீனா. “தினம் மூணு மணிக்குப் புலத்த நிப்பாட்டிருங்க. மறுநா காலையில போடுங்க. அதுக வயித்த அதுக பாத்துக்கிடட்டும்.”

“சாயங்கால முழுக்கு, ராத்திரி விளக்கு முழுக்கு, ரெண்டுக்கும் அடுத்த வருஷம் வரைக்கும் இடம் கொடுத்தாச்சு. உங்களுக்கே தெரியும்.”

“மொத அஞ்சு வருசம் நிப்பாட்டிட்டுத்தான இருந்தீங்க? விடாமப் போட்ட இந்த ரெண்டு வருசத்துலதான செத்து விழுது? அறுபத்து மூணு சுறா இருந்துச்சு. இன்னைக்கு பத்தொம்பது. யானைத்திருக்கை ஒன்னுகூட இல்ல. அதுக்குப் போக வேற கடல் இருக்கு, போயிருச்சு. இந்தச் சுறா இங்கயே குட்டி போட்டு இங்கயே கெடக்குறது. எங்க போகும்?”

“நான் சுறாக்களை வெறுக்கிறவ மாதிரி பேசாதீங்க. புலம் வர்றதுக்கு முன்னாடி வருஷத்துக்கு எத்தனை சுறாவ வெட்டிக் கொன்னாங்கன்னு ஞாபகம் இருக்கா? சுறான்னா பயம். பயத்துல கொன்னாங்க. நான் அந்தப் பயத்த எடுத்தேன்.”

அது உண்மைதான். அதனால்தான் செலஸ்தீனாவுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

“தினமும் கடல்கட்டி நாடகம் போடுதீங்கள்லா? மிச்சக் கதைய எங்க விட்டீங்க? பொழுது சாயுமுன்ன கட்டுனத அவுத்து விடுவான் டாக்டரம்மா. கட்டுனவனேதான் அவுக்கணும். அவுக்காம வீட்டுக்குப் போனா அவன் கடல்கட்டி இல்ல, கொலகாரன்.”

“அது கதை செலஸ்தீனா. மந்திரத்துக்கெல்லாம் சுறா வாய் கட்டாது.”

“கட்டாதுன்னு எனக்கும் தெரியும். ஆனா கதை கட்டுனவனுக்கே அவுத்து விடணும்னு தோணியிருக்கு. படிச்ச உங்களுக்குத் தோணல பாருங்க.”

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதுக்கு இன்னும் அரை மணி.

“சரி, சுறாவ விடுங்க” என்றாள் செலஸ்தீனா. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “ஆளுகளப் பத்திப் பேசுவோம். நேத்து தேஞ்சமூக்கியப் பாத்தேன்.”

தேஞ்சமூக்கி என்பது மதிலில் இருந்த பெண் சுறாக்களில் பெரியது. இரண்டு ஆண்டுகளாகச் சுறாக்கள் ஒரு புதுப் பழக்கம் பழகியிருந்தன. மதிலருகே வந்து மூக்கைப் பாறையில் வைத்துத் தேய்க்கும். விலகிப் போய்த் திரும்பவும் வந்து தேய்க்கும். பார்த்தவர்கள் உருகிப் போனார்கள். சுவர் முத்தம் என்று பெயர் வைத்து, அதைப் பனியனில் அச்சடித்து, தீவின் கடையில் தொங்கவிட்டிருந்தார்கள்.

“அது முத்தம் இல்ல. மூக்கத் தேச்சுத் தேச்சு அந்தத் துளைய எல்லாம் அழிச்சிருச்சு. உங்க புலம் அதுக்கு இப்பக் கேக்காது. நேத்து புலவீசிக்குப் பக்கத்துலயே வாயப் பொளந்து ஒரு பாரை மீனப் பிடிச்சுத் தின்னுச்சு. என் கண்ணால பாத்தேன்.”

டாக்டரின் முகம் ஒரு கணம் மாறியது. கண்டுபிடித்தவருக்கு அது விளங்காமல் போகாது. புலம் கேட்கிற சுறாக்கள் பட்டினியில் சாகும். புலம் கேட்காத சுறாக்கள்தான் பிழைத்திருக்கும். இந்த இரண்டு ஆண்டுகளாக அவர் மதிலில் வளர்த்துக்கொண்டிருந்தது யாரை என்பது அந்த ஒரு கணத்தில் அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

“ஒரு சுறாவ வச்சு எதையும் முடிவு பண்ண முடியாது” என்றார்.

“தேய்க்கிறதெல்லாம் அப்படித்தான் ஆகும். மூக்கு செத்துப்போச்சு டாக்டரம்மா. கையா மீனான்னு தெரிஞ்சுக்கிட வழி இல்ல. கடிச்சுத்தான் பாக்கும்.”

“அடுத்த வாரம் கூட்டத்துல வைக்கிறேன்.”

“இன்னைக்கு இருபத்திரண்டு பேரு கைய நீட்டப் போறாங்க. அடுத்த வாரம் நீங்க யாரு கைய எண்ணப் போறீங்க?”

எந்த முழுக்குக்கும் முன்னால் தலைமை வழிகாட்டி தண்ணீரைப் பார்த்து, கடல் சரி என்று எல்லாரும் கேட்க வாய்விட்டுச் சொல்லி, பதிவேட்டில் கையெழுத்துப் போடவேண்டும். சொல்லாமல் படகின் கயிற்றை அவிழ்க்கக்கூடாது. அது சட்டம். செலஸ்தீனா பதிவேட்டை எடுத்து டாக்டரின் கையில் கொடுத்தாள்.

“நான் சொல்ல மாட்டேன்.”

“நீ சொல்லலன்னா படகு நின்னுடும்னு நினைக்கிறியா?” டாக்டரிடமிருந்து மரியாதை நழுவிவிட்டது. “நீ கடல்ல இறங்குறதுக்கு முன்னாலயே நான் தலைமை வழிகாட்டிச் சான்று வாங்கினவ.”

அவர் படகுத்துறையின் ஓரத்துக்குப் போனார். தண்ணீரைப் பார்க்கவே இல்லை. “கடல் சரி” என்று உரக்கச் சொன்னார். கையெழுத்துப் போட்டார். தலைமை வழிகாட்டியின் செம்மஞ்சள் மேலுடையையும், அதோடு சேர்ந்த நீர்ப்பேசியையும் செலஸ்தீனாவிடமிருந்து கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டார். கடலுக்குள் எல்லார் காதிலும் விழும்படி பேசக்கூடியது அந்த ஒரு கருவிதான்.

செலஸ்தீனா தானும் படகில் ஏறினாள். வேலை போனால் போகட்டும் என்று கரையில் நின்றிருக்கலாம். ஆனால் மற்ற மூன்று வழிகாட்டிகளும் புலம் வந்த பிறகு பயின்றவர்கள். சுறாவின் திறந்த வாயைப் பார்த்ததே இல்லை.

படகில் அவள் எழுந்து நின்று சொன்னாள். “யாரும் கைய நீட்டாதீங்க. மூக்கு தேஞ்ச பெரிய சுறா ஒன்னு இருக்கு. அது கடிக்கும்.”

டாக்டர் சிரித்தபடி ஒலிபெருக்கியை எடுத்தார். “செலஸ்தீனா நம்ம தீவோட ரொம்பப் பழைய ஆள். கொஞ்சம் திகிலாச் சொன்னாத்தான் உங்களுக்குக் குதூகலமா இருக்கும்னு அவங்க நினைப்பு.”

படகு முழுக்கச் சிரிப்பு. கைதட்டல் வேறு. சொன்ன எச்சரிக்கையை வேடிக்கையாக்கிவிட்டால் அப்புறம் எவ்வளவு கத்தினாலும் அது வேடிக்கைதான். செலஸ்தீனா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பக்கத்தில் இருந்த பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. கோமதிநாயகம் என்று பெயர். அம்பாசமுத்திரத்துப் பக்கம் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி சிவகாமி முகக்கண்ணாடியில் பொருத்திய படக்கருவியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, நெசமாவே கடிக்குமா?”

“கடிக்கும் ஐயா. நீங்க இறங்காதீங்க.”

“ஒரு வருசமாக் காத்துக் கெடந்து இடம் கெடச்சுதும்மா. நீச்சல் படிச்சு, மூச்சுப் பயிற்சி எல்லாம் படிச்சு வந்திருக்கேன். அந்த டாக்டரம்மா தப்பாவா சொல்லுவாங்க? அவங்க கண்டுபிடிச்சதுல்லா?”

செலஸ்தீனா அவருடைய மூச்சுக்குழலைச் சரிபார்த்துக் கொடுத்தாள். “அப்போ என் கூடயே வாங்க. கையக் கட்டிக்கிட்டே வாங்க” என்றாள்.

மதில் அறுநூறு அடி ஆழத்துக்குச் செங்குத்தாக இறங்கும் பாறைச் சுவர். மேலே வெயில் நெளியும். அறுபதடியில் கடல்விசிறிகள் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும். சிவப்பும் மஞ்சளுமாய்ப் பவளம். சுவரை விட்டு முகத்தைத் திருப்பினால் ஒன்றுமே இல்லாத நீலம். முன்பெல்லாம் அந்த நீலத்திலிருந்து யானைத்திருக்கைகள் வரும். வண்டிக்கூடு அகலத்துக்குச் சிறகை விரித்து, வாயைத் திறந்தபடி, தண்ணீரை வடிகட்டித் தின்றுகொண்டே தலைக்கு மேல் போகும். சுறாக்கள் பத்தடி தள்ளியே திரியும். அவ்வளவு தள்ளி நின்று பார்த்ததே போதும் என்று இருந்த காலம் அது. தொட்டுப் பார்த்தால்தான் பார்த்ததாக அர்த்தம் என்று ஆக்கியது இந்தப் புலம்தான்.

ஒன்பது மணி ஐந்து நிமிடத்துக்குச் சுறாக்கள் வந்தன. ஏழு. விலாப்பக்கம் ஒட்டி, தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தது. விருந்தினர் அதை ஒயில் என்று நினைத்திருப்பார்கள். கைகள் நீண்டன. தடவின. ஒரு சுறா சுவரில் மூக்கைத் தேய்த்தபோது எல்லாரும் ஓசையில்லாமல் கைதட்டினார்கள். “பார்த்தீங்களா, சுவர் முத்தம்” என்றது நீர்ப்பேசியில் டாக்டரின் குரல்.

தேஞ்சமூக்கி கீழேயிருந்து வந்தது. மூக்கு வெளுத்துத் தழும்பேறிக் கிடந்தது. முதுகு வளைந்திருந்தது. பக்கத்துடுப்புகள் கீழே தொங்கின. கடிக்கப்போகும் சுறா அப்படித்தான் நீந்தும். பழைய வழிகாட்டிகளுக்கு அது பாலபாடம்.

கடலுக்குள் கைதான் வாய். செலஸ்தீனா கூட்டத்துக்கு முன்னால் பாய்ந்து, இரண்டு முன்கைகளையும் நெஞ்சுக்கு எதிரே குறுக்காக வைத்தாள். உலகத்தில் முக்குளித்தவர்கள் எல்லாரும் ஒரு காலத்தில் முதல் நாளே படித்த குறி அது. ஆபத்து, முதுகைச் சுவரில் ஒட்டு, கையை உள்ளே இழு, அசையாதே. ஆறு ஆண்டுகளுக்கு முன் நீலவாசல் அதைப் பாடத்திலிருந்து எடுத்துவிட்டது. விருந்தினரை அச்சுறுத்துகிறதாம்.

அவர்கள் அவளைப் பார்த்தார்கள். படம் எடுக்க ஏதோ புது நிலை காட்டுகிறாள் என்று நினைத்தார்கள். ஒருவர் கையைக் குறுக்காக வைத்தார். பார்த்து இன்னொருவர் வைத்தார். வழிகாட்டிகள் மூன்று பேரும் வைத்தார்கள். கோமதிநாயகம் நிமிர்ந்து, பெருமையாக, இரண்டு கையையும் நெஞ்சில் குறுக்கே வைத்துக்கொண்டு மனைவியின் பக்கம் திரும்பினார். எல்லார் கண்ணிலும் சிரிப்பு. செலஸ்தீனா மறுபடி மறுபடி கையைக் குறுக்கே வெட்டினாள். அவர்களும் மறுபடி மறுபடி வெட்டினார்கள். வாயில் கவ்விய மூச்சுக்குழலுக்குள்ளேயே அவள் கத்தினாள். குமிழிகள்தான் வந்தன.

படம் எடுத்து முடிந்தது என்று கோமதிநாயகம் கையைப் பிரித்தார். பக்கவாட்டில் வந்த சுறாவைத் தடவ வலது கையை நீட்டினார்.

மதிலில் ஏழு ஆண்டுகளில் முதன்முறையாக, நீட்டிய கைக்கு எதிரே ஒரு வாய் திறந்தது.

செலஸ்தீனா சுறாவின் செவுளில் குத்தினாள். இரண்டாம் குத்துக்கு அது விட்டுவிட்டுப் போனது. அதற்குள் முழங்கைக்குக் கீழே ஒன்றும் இல்லை. தன் இடுப்பில் கட்டியிருந்த எடைவாரைக் கழற்றி, மிச்சமிருந்த கையை இறுக்கிக் கட்டி, அவரை அணைத்தபடி மேலே கொண்டு வந்தாள். பெரியவர் பிழைத்தார்.

இருபது நாள் கழித்துத் தீவின் சாப்பாட்டு மண்டபத்தில் விசாரணை நடந்தது. அதுவரை புலத்தை நிறுத்தி வைக்க உத்தரவு. அந்த இருபது நாளில் மதிலில் ஒரு சுறாவும் சாகவில்லை. பதினோராம் நாள் செலஸ்தீனா தனியாக இறங்கியபோது, தூரத்து நீலத்தில் ஒரு யானைத்திருக்கை வாயைத் திறந்தபடி போயிற்று. அவள் கையை மடக்கிக்கொண்டு, சுவரில் முதுகை ஒட்டி, அது கண்ணுக்கு மறையும்வரை பார்த்தாள்.

புலத்தை மறுபடி போடலாமா கூடாதா என்பதை விசாரணை அதிகாரி வேதவல்லி அன்று சொல்லவேண்டும். செலஸ்தீனா இனி கடலில் இறங்கலாமா கூடாதா என்பதையும் அன்றே சொல்லவேண்டும். இரண்டும் ஒரே கேள்வியில் வந்து நின்றன. எச்சரிக்கை இருந்ததா? புலத்தில் பழுதில்லை, அது நோய் பிடித்த ஒற்றைச் சுறா, படகில் சொன்னது வேடிக்கைப் பேச்சு, கடலுக்குள் கண்ணெதிரே ஆபத்தைப் பார்த்தும் வழிகாட்டி எச்சரிக்கவில்லை என்பது நிறுவனத்தின் வாதம்.

நிறுவனத்தின் வழக்கறிஞர் ஒரு பெரிய படத்தைச் சுவரில் மாட்டினார். சிவகாமியின் முகக்கண்ணாடிக் கருவி எடுத்தது. கருவி நிறுவனத்துடையது என்பதால் படமும் அவர்கள் கையில்தான் இருந்தது.

“எச்சரித்தேன் என்கிறார் இந்த அம்மா. பாருங்கள். கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். எதிரே எல்லாரும் அதேபோல் கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறார்கள். இதுவா எச்சரிக்கை? விருந்தினரோடு சேர்ந்து படத்துக்கு நின்றிருக்கிறார்.”

டாக்டர் சாட்சி நாற்காலியில் இருந்தார். வேதவல்லி அவரிடம் கேட்டார். “இந்தக் குறிக்கு ஆபத்துன்னு அர்த்தம் உண்டா டாக்டர்?”

“எனக்குத் தெரிஞ்சு அப்படி ஒரு குறி கிடையாது. நான் கேள்விப்பட்டதில்ல.”

செலஸ்தீனாவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. முன் வரிசையில் கோமதிநாயகம் காலியான வலது சட்டைக் கையை மடித்துக் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் உட்கார்ந்துகொண்டு இந்த டாக்டருக்கு இப்படிச் சொல்ல எப்படி வாய் வருகிறது? அவள் எழுந்து படத்தருகே போனாள். அவ்வளவு பெரிதாக அதை அவள் பார்ப்பது அப்போதுதான். தன் எதிரே நின்றவர்களை விரலால் ஒவ்வொருவராகத் தொட்டு எண்ணிக்கொண்டு போனாள். பதினாறு பேர் தெரிந்தார்கள். பதினாறாவதில் விரல் நின்றது.

“இது யாரு?”

படத்தின் வலது ஓரத்தில் செம்மஞ்சள் மேலுடை. மற்ற பதினைந்து பேரும் கையைக் குறுக்காக வைத்துக்கொண்டு நடுக்கடல் பக்கம் சிரித்துக்கொண்டிருக்க, அந்த ஒருவர் மட்டும் சுவரில் முதுகை ஒட்டி, கைகளை விலாவுக்குள் இழுத்து, அசையாமல் நின்றார்.

“அம்மா,” என்றாள் செலஸ்தீனா அதிகாரியிடம். “அர்த்தம் தெரியாதவங்க எல்லாரும் என்னப் பாத்து அதையே செஞ்சாங்க. அவங்க மேல குத்தம் இல்ல, யாரும் சொல்லிக் கொடுக்கல. இவங்க ஒருத்தர் மட்டும் நான் சொன்னத செஞ்சிருக்காங்க. சுவர்ல ஒட்டுன்னேன், ஒட்டிட்டாங்க. கைய உள்ள இழுன்னேன், இழுத்துட்டாங்க. நீர்ப்பேசி இவங்க கிட்டத்தான் இருந்துச்சு. கடலுக்குள்ள பேச முடிஞ்ச ஒரே வாய் இவங்களுது. ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்த ஐயாவுக்குக் கை இருந்திருக்கும்.”

சிவகாமி கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

வேதவல்லி எழுந்து போய்ப் படத்தின் வலது ஓரத்தைப் பார்த்தார். பிறகு திரும்பினார். “டாக்டர், குறி தெரியாதுன்னா நீங்க ஏன் போய்ச் சுவரோட ஒட்டி நின்னீங்க?”

டாக்டர் வழக்கறிஞரைப் பார்த்தார். வழக்கறிஞர் தலையை மெல்ல, இரண்டு தடவை, வேண்டாம் என்று ஆட்டினார். டாக்டரின் உதடுகள் ஒரு விரற்கடை பிரிந்து அப்படியே நின்றன. தாடை இறுகியது. கன்னத்தில் ஒரு நரம்பு துடித்தது. அதிகாரி இன்னொரு முறை கேட்டார். மூன்றாம் முறையும் கேட்டார்.

சாட்சியத்தைக் கையால்தான் எழுதவேண்டும் என்பது அப்போதைய சட்டம். ஒலிப்பதிவுகளைத் திருத்துவது சிறுபிள்ளை வேலையாகி, நீதிமன்றங்கள் அலுத்துப் போயிருந்தன. எழுத்தர் பேனாவோடு காத்திருந்தார்.

“சாட்சி பதில் அளிக்கவில்லைன்னு எழுதிக்கோங்க” என்றார் வேதவல்லி.

“அப்படி எழுதாதீங்க,” என்றாள் செலஸ்தீனா. “பதில் அந்தப் படத்துல இருக்கு. வாயத் திறக்கலன்னு எழுதுங்க.”

எழுத்தர் அதிகாரியை நிமிர்ந்து பார்த்தார். அதிகாரி தலையசைத்தார். எழுத்தர் எழுதியிருந்ததை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, சாட்சி வாய் திறக்கவில்லை என்று எழுதினார்.